பெண் கொடுத்துப் பெண் எடுத்த கடை

பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாப் பகுதியிலுள்ள எங்கள் கடையில் கைலிக் கட்டைப் பிரிக்கும்போது எழும் கஞ்சி வாசம், ஏசிக் குளிரிலும் என்னை வியர்க்க வைக்கும். இதே வாசமடித்த புதுத்துணியில்தான் நானும் மச்சானும் ஒரே பந்தலில் மாப்பிள்ளைகளாக உட்கார்ந்தோம். அவர் தங்கை எனக்கு. என் அக்கா அவருக்கு. மனாமாவில் சேர்ந்து கடை போடப் பத்திரம் எழுதவில்லை. இரண்டு நிக்காஹ்தான் பத்திரம். கடை மச்சான் பேரில், என் விசா கடையின் பேரில்.

போன வாரம் கட்டிடத்துக்காரரான அரபி உள்ளே வந்து என் தோளைத் தட்டினார். "மப்ரூக், அபு ஷிஃபா." ஷிஃபாவின் வாப்பாவுக்கு வாழ்த்தாம். என் மகள் ஷிஃபாவை மச்சான் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "மாஃபி மப்ரூக்," வாழ்த்துக்கு ஒன்றுமில்லை என்றேன். விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"அரபிகிட்ட அதுக்குள்ள சொல்லிட்டீங்களா மச்சான்?"

"நம்ம வூட்டுக்குள்ள என்னா மாப்ளே, கேக்குறதும் சொல்றதும்."

ஷிஃபா இங்கேயே பிறந்தவள். கோபம் வந்தால் ஆங்கிலம், நிதானமென்றால் தமிழ். காலேஜ் பாடத்துக்காக, நானூறு வருடத்துக்கு முன் கடல் கடந்த இங்கிலீஷ் வியாபாரிகளின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களும் நம்மளாட்டந்தான் வாப்பா. ஒரு துறைமுகத்துல தம்பி, இன்னொண்ணுல மருமகன். பார்ட்னர் விலகிடக் கூடாதுன்னா பொண்ணக் கட்டிக் குடுத்துடறாங்க."

"தெரியாத ஊர்ல வேற யாரம்மா நம்புறது?"

"எல்லாரோட லெட்டரும் இருக்கு. அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு மட்டும் எங்கயும் இல்ல." பிறகு மெதுவாக, "எனக்கு வேணாம் வாப்பா. நீங்கதான் மாமாகிட்ட சொல்லணும்."

அவள் தமிழில் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஊரில் மச்சான் கோபித்தால் நாலு பேர் நடுவில் வந்து உட்காருவார்கள். மூன்றாம் நாள் ஒரே சகன் தட்டில் சேர்ந்து சாப்பிடுவோம். இங்கே விசா புதுப்பிக்க அவர் ஒரு கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும், நானும் மனைவியும் மகளும் விமானம் ஏற வேண்டியதுதான். அப்படி ஏறி இறங்கினாலும், அவருடைய மனைவியாக ஊரில் இருப்பவள் என் அக்கா. நான் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்கு அவளும் அங்கே அழுவாள்.

வெள்ளிக்கிழமை மச்சான் லீவில் கிளம்பினார், ஊரில் நிச்சயத்துக்கு நாள் பார்க்க. ஏர்போர்ட் போகும் பாலத்தில் வண்டியோட்டியபடியே சொன்னேன்.

"ஷிஃபாவுக்கு இஷ்டமில்ல மச்சான். நானும் அவ பக்கந்தான்."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"ஒன் அக்காகிட்ட என்னண்டு சொல்ல?"

"நாந்தான் மறுத்தேன்னு சொல்லுங்க. புள்ள பேரு வேணாம்."

ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கினேன். வழக்கம்போலக் கட்டிக்கொண்டார், ஒரு கை என் முதுகில், மறு கை பெட்டியின் பிடியில்.

"நான் திரும்பி வர்றப்ப கடையில இருப்பியா?"

"கேக்குறது மச்சானா, மொதலாளியா?"

"எனக்கே வெளங்கல மாப்ளே. ஊருக்குப் போயிட்டுச் சொல்றேன்."