அத்தாவின் முன்பல் பிரிட்ஜ்

மூன்று வருடம் கம்ப்யூட்டருக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விழுந்த பல்லின் இடத்தை, இரண்டு பக்கத்துப் பற்களையும் பிடித்துக்கொண்டு நிரப்பும் பாலிமர் பிரிட்ஜ் எவ்வளவு கடிக்குத் தாங்கும் என்று திரையில் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. அழுத்தம் குறைந்த இடம் நீலமாகவும், உடையப்போகும் இடம் சிவப்பாகவும் தெரியும். முறுக்கு, எலும்புக்கறி, எங்கள் தெரு ஸ்வீட் கடையின் மைசூர்பாகு வரை எல்லாக் கடியையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். சிவப்பே வரவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தா, அதாவது என் அப்பா, தேனாம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரோடு விழுந்து ஒரு முன்பல்லைத் தொலைத்தபோது, கூச்சமே இல்லாமல் என் டிசைனை அவர் வாயில் மாட்டச் சொன்னேன். ஆராய்ச்சியில் எனக்குக் கூட்டாளியான அடையாறு பல் டாக்டரம்மாவும் சம்மதித்தார். அது நிலைத்தால் என் அறிக்கை கரையேறும். உடைந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஐந்தே வாரத்தில் உடைந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக அத்தா டாக்டரம்மாவிடம் சொன்னார். விபத்துக்கு டிசைன் என்ன செய்யும், அப்படியே எழுதிக்கொள் என்றார் டாக்டரம்மா. நானும் நிம்மதியாக எழுதிக்கொண்டேன். அத்தாவுக்கு வேறெங்காவது அடிபட்டதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கு முந்தின நாள் மதியம், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அத்தாவின் தையல் கடைக்குப் போனேன். ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஹூக் முடிந்ததும் குனிந்து, நூலைப் பல்லில் கவ்வி, வெடுக்கென்று முன்னால் இழுத்து அறுத்தார். முன்வரிசையில் ஓட்டை என்பதால் கோரைப்பல்லுக்கு வேலை. கத்தரிக்கோல் மடியில் சும்மா கிடந்தது.

பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. ஊரில் தின்ன முடிந்ததையெல்லாம் கணக்கில் சேர்த்த தையல்காரர் மகளுக்கு நூல் மட்டும் நினைவுக்கு வரவில்லை. என் கம்ப்யூட்டரில் யாரும் பல்லை முன்னால் இழுக்கவே இல்லை.

"பாத்ரூம்ல விழவே இல்லதானே அத்தா?"

நூல் துணுக்கைத் துப்பினார். "நூலக் கடிச்சேன், புட்டுக்கினு வந்துடுச்சு. உன் கணக்கு தப்புன்னு அந்தம்மா எழுதிட்டா, மூணு வருஷம் நீ பட்ட பாடு இன்னா ஆவறது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் எரிச்சலும் வந்தது. வீட்டுக்குப் போய் அந்த இழுப்பையும் சேர்த்துக் கணக்கை ஓட்டினேன். அத்தாவுக்கு பிரிட்ஜ் எங்கே உடைந்ததோ அதே இணைப்பில் பளிச்சென்று சிவப்பு. விபத்து என்ற வரியை அழித்தேன். நோயாளி விழவில்லை, கணக்குப் போட்டவள்தான் கோட்டை விட்டாள் என்று கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் எழுதி அனுப்பினேன். இன்னும் ஒரு வருட வேலை இருக்கிறது என்று பதில் வந்தது.

அத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்து வேளை தொழுகிற மனிதர் எனக்காகச் சொன்ன ஒரே பொய்யை நான் வீணாக்கிவிட்டேனாம்.