பேனரில் சின்னவள் முகம்

போன வருடம், நீட் கவுன்சலிங் முடிந்த வாரம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு இரட்டைப் பெண்கள். ஒன்றாகவே படித்து, ஒன்றாகவே பரீட்சை எழுதினார்கள். பெரியவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சின்னவளுக்கு மதிப்பெண் போதவில்லை. அவள் அழுது தீர்த்திருந்தாலாவது நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் பாட்டுக்கு அக்காளின் பெட்டியை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பயம். அவள் அறைக்குள் போய்க் கொஞ்சம் நேரமானாலும் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன்.

அன்றைக்கு இருவரும் வெள்ளைக் கோட்டு வாங்கக் கோவை போயிருந்தார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போனால், அங்கே என் அண்ணன் ஆள் வைத்துப் பேனர் கட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைத்துவிட்டால் தாய்மாமன் சும்மா இருக்கமாட்டார். 'வருங்கால டாக்டர்' என்று பெரியவள் பெயர். கீழே சிரிப்பதோ சின்னவள்! அவளுக்கு மட்டுமே உள்ள தாடை மச்சம் பளிச்சென்று தெரிகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மாமனுக்கு இன்னும் ஆள் அடையாளம் பிடிபடவில்லை.

"ஏனுங்கண்ணா, இது சின்னவளுங்க! மொதல்ல எறக்குங்க" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டும் நம்ம புள்ளைங்கதானே அம்மணி. ஆரு கண்டுபுடிக்கப் போறாங்க?" என்றார்.

ஆத்திரத்தில் நானே கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு அசையவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இறங்கியதும் பெரியவள் கோட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சின்னவள் அண்ணாந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, கழட்டிப்போடுங்க. அக்கா படத்தோட வேற அடிங்க" என்றாள். "ஆனா இதைக் கிழிச்சுப்போடாதீங்க. மடிச்சு எனக்குக் குடுங்க. அடுத்த வருசம் பேரை மட்டும் மாத்திக்கலாம்."

அண்ணன் சிரித்தார். பெரியவள்தான் தேம்பித் தேம்பி அழுதாள்.

பேனர் இப்போது சின்னவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் பரீட்சை. பெருக்கும்போது துடைப்பம் அதில் முட்டினால் திக்கென்கிறது. அது அவளுக்குத் தைரியமா, பாரமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே துணி எடுத்து வளர்த்த எனக்கு, அவளுடைய நாள் அவளுக்குத் தனியாகத்தான் வரும் என்பது அந்தப் பஸ் ஸ்டாப்பில்தான் உறைத்தது; பயம் போகவில்லை, ஆனாலும் இப்போதெல்லாம் நான் அவள் கதவைத் தட்டுவதில்லை.