மூன்றாவது கெரொசாங்

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கியிருக்கும் பழியை மருத்துவச்சி செல்லம்மாள் ஏன் ஒன்பது ஆண்டுகள் சுமந்தார்? எனக்கு விடை தெரியாது. ரெங்கம் என்ற சிற்றூரில் அவர் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவுக்கு, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பாடத்தை முடித்துவிட்டுத்தான் ரயிலேறினேன்.

ஜொகூர் பாருக்காரர்களே, உங்களில் பலருடைய பிள்ளைகள் அவர் கைகளில் பிறந்தவர்கள். அரச குடும்பத்தின் ஒரு கிளை வீட்டிலும் அவர்தான் பிரசவம் பார்த்தார். அவ்வீட்டுச் சீமாட்டியிடம் மூன்று வைரக் கெரொசாங்குகள் இருந்தன. மலாய்ப் பெண்கள் சட்டையின் முன்பக்கத்தில் குத்தும் ஊசிகள் அவை. பெரியதைத் தாய் என்றும் சிறிய இரண்டையும் பிள்ளைகள் என்றும் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக அவ்வீட்டு மணப்பெண்ணின் கைக்கு வந்தவை. சீமாட்டி காலமானபின் பெட்டியைத் திறந்தால், ஒரு பிள்ளையைக் காணோம். அவருடைய அறைக்குள் போய்வந்த வெளியாள் செல்லம்மாள் ஒருவரே. யாரும் புகார் கொடுக்கவில்லை. ஊர் பேசியது, பிரசவத்துக்கு அழைப்பது நின்றது. அவர் ரெங்கத்துக்குக் குடிபெயர்ந்தார்.

அதற்குமுன் ஒரு வளைகாப்பில் அவர் நுழைந்ததும் ஒருத்தி, "வளையலை எண்ணி வச்சுக்கங்கடி, செல்லம்மா வந்துட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "வலியில என்னைத் திட்டாத பொம்பளை இந்த ஊர்ல யாரு? பழகிப் போச்சுலா."

நான் சிரிக்கவில்லை; மறுத்துப் பேசவும் இல்லை. ஆதாரம் வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் என்னை வரவழைத்து, காயத்துக்குக் கட்டும் துணியில் சுற்றிய அந்த ஊசியைத் தந்தார்.

"நான் போனதும் அந்த வீட்டுல குடுத்துடுங்க, டீச்சரம்மா. மூணும் ஒண்ணா இருக்கணும்."

"நீங்களே குடுக்கலாமே?"

"உயிரோட போனா பதில் சொல்லணும்லா."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை சிதைக்கருகில் நின்றபோதும் அப்படித்தான் நினைத்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது வளைகாப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டும் நான் பேசாமல் இருந்தது கூடவே வருகிறது.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். சீமாட்டியின் வயதான பணிப்பெண் பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த குழியின் வெல்வெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் மஞ்சள் பட்டு நூலால் கட்டிய மெல்லிய தலைமுடி இருந்தது. சீமாட்டியின் இரண்டாவது குழந்தையுடையது, மூச்சில்லாமல் பிறந்தது என்றார். அந்தப் பிரசவத்தைப் பற்றி அவ்வீட்டில் எவரும் வாய்திறந்ததில்லையாம். குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்த செல்லம்மாளின் சேலையில், சீமாட்டி தன் கையாலேயே அந்த ஊசியைக் குத்திவிட்டாராம்.

நான் தந்த ஊசியைப் பணிப்பெண் அதன் குழியில் வைத்துப் பெட்டியை மூடினார்.

இத்தனை ஆண்டுகள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னை யாரும் கேட்கவில்லை" என்றார்.