கார் கண்ணாடியில் கடவுச்சொல்

இணையப் பாதுகாப்பு அறிமுகப் பாடத்தை எங்கள் கல்லூரியில் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். பாடத்தை எழுதியவளும் நான்தான். குறுக்கே நின்றவர் ஹோட்டல் நிர்வாகத் துறைத் தலைவர். சமையல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு, விருப்பப் பாடமாக வைத்தால் போதாதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். விருப்பப் பாடம் என்றால் கணினி படிக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். அவர்களுக்கு நான் புதிதாக என்னத்தைச் சொல்ல? கடைசியில், அவருடைய மாணவர்களுக்கே நான் ஒரு வகுப்பு எடுப்பது, அதைப் பார்த்து அவர் முடிவு சொல்வது என்று ஆனது.

கல்லூரியின் பிரிக்ஃபீல்ட்ஸ் கட்டடத்தில் வகுப்பு தொடங்கியதுமே கொட்டாவிகள் கிளம்பின. என் ஸ்லைடுகள் அப்படி. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து லேசாகச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். லேப்டாப்பை மூடிவிட்டு, எல்லாரையும் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னேன்.

எனக்கு ஒன்று தெரியும். என் ஊர் கிள்ளானுக்குப் போனால் சொந்தக்காரர்கள் போனைச் சரிபார்க்கச் சொல்லி என் கையில் திணிப்பார்கள். கேட்காமலே பாஸ்வேர்டையும் சத்தமாகச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு அது சாமி பேரும் கார் நம்பரும்தான். நம் ஆட்கள் காரின் பின்கண்ணாடியில் சாமி பேரைப் பெரிதாக ஒட்டியிருப்பார்கள், கீழேயே நம்பர் பிளேட். பின்னால் வருகிறவன் படித்துக்கொண்டே வரலாம்.

"யாரும் வாயத் திறக்க வேணாம்," என்றேன். "அவங்கவங்க வண்டிக்குப் பின்னால போய் நில்லுங்க. வண்டி இல்லாதவங்க வீட்டுக் கார நெனச்சுக்குங்க. உங்க பாஸ்வேர்ட் அதுல எழுதியிருந்தா, இங்கேயே மாத்திட்டு மேல வாங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே போனை எடுத்தான். ஒரு பெண், "ஐயோ, எங்க அப்பாவோட பேங்க் பாஸ்வேர்டே இதுதான் லா, மிஸ்," என்று ஓரமாக ஒதுங்கி அப்பாவை அழைத்தாள். சிரிப்பு அடங்கிப்போனது. துறைத் தலைவரும் தன் காருக்குப் பின்னால் நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த கூட்டத்தில் வேறொரு விரிவுரையாளர் அதே பழைய கேள்வியைக் கேட்டார். நான் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு முன்பே துறைத் தலைவர் என் பக்கம் திரும்பிப் பேசினார்.

"கட்டாயமாக்கிடுங்க மேடம். முதல் வகுப்புல எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க."