சம்பந்தியிடம் கேட்கக் கூடாத கேள்வி

சம்பந்தியிடம் என்னவெல்லாம் கேட்கலாம்? ஊரில் மழை பெய்ததா என்று கேட்கலாம். தேங்காய் என்ன விலை போகிறது என்று கேட்கலாம். வழியில் டிராஃபிக் எப்படி என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அனுமதி.

நான் வேறொன்றைக் கேட்டுத் தொலைத்தேன். அதுவும் நல்ல காரியம் பேச வந்த இடத்தில், தட்டில் பலகாரம் பரிமாறிய பிறகு...

என் மருமகள் கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு என்று ஒரு விருந்து உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமான சோறு கட்டி எடுத்து வந்து, உறவுக்கெல்லாம் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். அதற்குத் தேதி குறிக்கத்தான் கவிதாவின் அப்பாவும் அம்மாவும் கிணத்துக்கடவிலிருந்து சரவணம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

அப்பா பெயர் துரைசாமி. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மகனின் மாமனார் எனக்கு அண்ணன் முறை. அவருக்கு நான் அம்மணி. பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டுகூட நிறையாது. மரியாதை அப்படி!

அன்றைக்குப் பார்த்து எங்கள் அபார்ட்மென்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அண்ணன் முதல் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். போன் திரையில் வெளிச்சமே இல்லை என்பது மேலே நின்ற எனக்கே தெரிந்தது.

மூச்சு வாங்குகிறது. அதை மறைக்கிறார். சரி, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. நாளெல்லாம் தோப்பில் வெயிலில் நிற்கிற மனிதர் வெளுத்துப் போவாரா?

‘நல்லா இருக்கீங்களாண்ணா?’ என்றேன்.

‘நல்லா இருக்கறனுங்க அம்மணி.’

இது கொங்கு நாட்டில் எல்லோரும் சொல்கிற பதில்தான். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவரைப் போய்ப் பாருங்கள்... அவரும் இதையேதான் சொல்வார். சொல்லிவிட்டு, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்.

இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தேன். கோழிக் குழம்பு வைத்தேன். அண்ணன் சாப்பிடத் தொடங்கும் முன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. நம் ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை — கேஸ் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் போய், ‘கேஸ் மாத்திரை ஒரு அட்டை’ என்றால் கொடுத்துவிடுவார்கள். மிட்டாய் வாங்குவது இதைவிடக் கஷ்டம். அங்கே எந்த மிட்டாய் என்றாவது கேட்பார்கள்.

அண்ணன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். பஸ்ஸில் ஏறுவதற்கு டிக்கெட் மாதிரி, விருந்துக்கு உட்காருவதற்கு இந்த மாத்திரையாம். சாப்பிடும் முன் ஒன்று, கனமாக இருந்தால் பிறகு இன்னொன்று. எங்கள் ஊர் விருந்தில் போதும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பாருங்கள். போதும் என்றால்தான் கரண்டி இரண்டாவது முறை வரும். மறுத்தால் மரியாதைக் குறைவு. ஆகவே மனிதர்கள் மறுப்பதற்குப் பதிலாக மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்.

அப்போது அவர் மனைவி மெதுவாக வாயைத் திறந்தார். அண்ணனுக்கு முட்டி வலியாம். அதற்குக் கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறாராம். அது வயிற்றை எரிக்கிறதாம். எரிச்சலுக்குத்தான் கேஸ் மாத்திரை பழகியதாம். ஒன்று பற்றவைக்கும், இன்னொன்று அணைக்கும். நடுவில் வயிறு என்ன பாடுபடும்?

எனக்குத் திக்கென்றது. ஏன் தெரியுமா?

என் வயிறு இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து போகும் ஆசாமி என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் எனக்கு அல்சர் வந்தபோது ஒரு பெண் டாக்டரிடம் போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மலம் என்ன நிறத்தில் போகிறது? எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. டாக்டர் விடவில்லை. வயிற்றில் புண் இருந்து ரத்தம் கசிந்தால் அது தார் மாதிரிக் கருப்பாகப் போகும், அந்த நிறத்தை மட்டும் மறைக்கவே கூடாது என்றார். எனக்கு அப்படி இல்லை. வயிற்றில் ஒரு கிருமி இருந்தது. அதற்கு மருந்தும், கூடவே இதே அமில மாத்திரையும் கொடுத்தார். அவர் சொன்ன வேளையில், சொன்ன காலம் வரைக்கும் சாப்பிட்டேன். இன்று பரோட்டாவுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

மாடிப்படியில் மூச்சு, வெளுத்த முகம், தினமும் வலி மாத்திரை... கூட்டிப் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டுமா என்ன? கேட்டுவிட்டேன்.

‘அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. வெளிய போறது என்ன நிறத்துல போகுதுங்க?’

என் கணவர் கையில் குழம்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தியம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கவிதா ‘அத்தை...’ என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கெஞ்சல், கோபம், அவமானம் மூன்றும் இருந்தன. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாபஸ் வாங்கவில்லை. கேட்டது கேட்டாகிவிட்டது. பாதியில் விட்டால் இரண்டும் கெட்டானாகிவிடும்.

‘கருப்புங்க’ என்றார், கடைசியில். ‘ரோட்டுக்குத் தார் ஊத்துவாங்களே, அது மாதிரிங்க. சூடு எறங்குதுங்க அம்மணி. மாத்திரை நல்லா வேல செய்யுது.’

சூடு இறங்குகிறதாம்! உள்ளே ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருக்கிறது. மனிதர் அதை உடம்புச் சூடு கழிகிறது என்று நினைத்துக்கொண்டு, மாத்திரைக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார். எரிச்சல் அடங்கிவிட்டது அல்லவா? அதனால் வேறு சந்தேகமே வரவில்லை. ஒரு மாசமாகவே இப்படித்தானாம். மகளுக்குக் கட்டுச்சோறு முடியட்டும், அதற்கு முன் யாரையும் பயமுறுத்த வேண்டாம் என்று தலைசுற்றலையும் சேர்த்து மறைத்திருக்கிறார்.

காரை எடுக்கச் சொன்னேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறோம், தேதியைக் குறித்துவிட்டு, ஊருக்குப் போய், சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றேன்.

‘தேதியை நாளைக்கிக்கூடக் குறிக்கலாமுங்கண்ணா. நீங்க இருந்தாத்தானுங்க கட்டுச்சோறு.’

மறுபேச்சு இல்லாமல் செருப்பை மாட்டினார். என் கணவரும் என் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்கிறீர்கள்? அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், என்ன தொந்தரவு என்று கேட்டார். ‘ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க. அம்மணி சொன்னாங்கன்னு சும்மா வந்தோமுங்க’ என்றார் அண்ணன். அவசரப் பிரிவுக்குச் சும்மா வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். டாக்டரைத் தொந்தரவு செய்கிறோமே என்று அவருக்குக் கவலை! நான் குறுக்கே புகுந்து நிறம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகு டாக்டரின் நடையே வேகமாகிவிட்டது.

பரிசோதனையில், உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் புண் தெரிந்தது. கசிந்துகொண்டிருந்தது. அதை அங்கேயே அடைத்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சம்பந்தியம்மா அண்ணனின் துண்டை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். பயந்துதான் போனேன். மறைப்பானேன்? வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண், அவள் அப்பா உள்ளே... இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்?

அண்ணனைக் காப்பாற்றிய மருந்து எது தெரியுமா? அதே அமிலத்தைக் குறைக்கும் மருந்துதான். முதலில் ஊசி வழியாக, பிறகு மாத்திரையாக. கவிதா கேட்டாள், அதைத்தானே அப்பா இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தார் என்று. நியாயமான கேள்வி. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நினைத்தபோது போட்டுக்கொள்வது வேறு, புண் ஆறும் வரைக்கும் தினமும் போடுவது வேறு. காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும். வலி மாத்திரையைத் தொடவே கூடாது. முட்டிக்கு வேறு வழி பார்க்கலாம். அண்ணனுக்கும் அந்தக் கிருமி இருந்தது. அதற்குத் தனியாக மருந்து. கிளம்பும்போது டாக்டர் அண்ணனிடம் கடைசியாக ஒன்று சொன்னார்:

‘தினமும் நிறத்தைப் பாருங்க. மறுபடி கருப்பாப் போனா ஃபோன்கூடப் பண்ண வேண்டாம், நேரா வந்துடுங்க.’

அண்ணன் தலையாட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இங்கே ஒரு நிமிஷம். நான் டாக்டர் இல்லை. ஆனால் வயிறு உள்ளவள், அதைக் கெடுத்துச் சரிசெய்த அனுபவமும் உள்ளவள். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். மாத்திரை நல்ல மாத்திரைதான். அதைத் திட்டாதீர்கள். எப்போதோ ஒருநாள் நெஞ்செரிச்சலுக்குப் போட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் அது இல்லாமல் சாப்பாட்டில் உட்கார முடியவில்லை என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது. வலி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒரு டாக்டரைப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது... அவரிடமாவது நல்லா இருக்கறனுங்க என்று சொல்லாதீர்கள். அவர் என்ன சம்பந்தியா?

மருத்துவம் முடிந்தது. மரியாதை முடியுமா?

அண்ணன் ஊருக்குப் போனதிலிருந்து என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் ஃபோன் எல்லாம் கவிதாவுக்கே வந்தது. நான் எடுத்தால், ‘அம்மணிங்களா... கவிதாகிட்டக் குடுங்க’ என்பதோடு சரி. சம்பந்தியம்மா வேறு யாரிடமோ, ‘எல்லார் முன்னாடியும் அந்தக் கேள்விய கேட்டுப்போட்டாங்க’ என்று சொன்னது, சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்து சேர்ந்தது. என் கணவர் தன் பங்குக்கு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்றார். தனியாகவா? ஒரு சம்பந்தியம்மா சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டால் அதற்கு ஊர் என்ன பேர் வைக்கும்?

கேட்டது சரிதான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனாலும் வருத்தமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றி உறவைத் தொலைத்துவிட்டேனோ என்று தோன்றியது. நல்ல மனிதர். என் பேரப்பிள்ளைக்கு அவரும்தானே தாத்தா?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு நடந்தது. ஹால் நிறைய உறவுக்காரர்கள். தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று பாத்திரம் பாத்திரமாக மேலே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு லிஃப்ட் ஓடியது. அண்ணன் அதில் வரவில்லை. தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை. போனை எடுக்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தார். முகத்தில் வெயில்பட்ட பழைய கருப்பு திரும்பியிருந்தது.

வாசலில் நான். எனக்குப் பின்னால் மொத்த உறவும். கை கூப்பினேன். என்ன கேட்பது? நாக்கைக் கடித்துக்கொண்டு, கேட்க அனுமதி உள்ளதை மட்டும் கேட்டேன்.

‘வாங்கண்ணா. நல்லா இருக்கீங்களா?’

அண்ணன் நின்றார். அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பல வாரங்களுக்கு அப்புறம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, சபைக்கு உரிய மரியாதையோடு சத்தமாகவே சொன்னார்:

‘மஞ்சளுங்க அம்மணி.’