அட்டை கட்டாத பன்னிரண்டு பெட்டிகள்

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டு மாதமாகப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. என் மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள். கல்யாணம் ஒத்துவராமல் இருவரும் பேசிப் பிரிந்தபோது, அந்த வீட்டார் அவற்றை ஒரு மினி லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலை மூன்று பிரதிகளாகத் தயாரித்தவன் நான்தான். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். ஒரு கரண்டி குறையவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கைக் கட்டி ஆண்ட எனக்கு, ஒரு சரக்கு அவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்ததில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. லாரிக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். அது பட்டியலில் இல்லை.

என் மனைவி பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாள். போர்த்திய பிறகு அது பெட்டி அடுக்கு மாதிரி இல்லை. உடம்பு சரியில்லாத யாரோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டோம்.

மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை, சாத்திக்கொண்டு சாப்பாடு. ஒரு நாள் மாலை போனை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதப் பாருப்பா. ஜப்பான் ஊடும் சுவீடன், டென்மார்க் பக்கத்து ஊடும் கலந்தா மாதிரி. இப்ப நெறைய பேரு இப்படித்தான் பண்றாங்க."

பார்த்தேன். வெள்ளைச் சுவர். வெளிறிய மரத்தில் முழங்காலுக்கும் கீழே ஒரு மேஜை. தரையில் ஒரு பாய். காகிதக் கூடு போட்ட விளக்கு. மூலையில் ஒரு செடி, அதுவும் பேசாமல் இருந்தது.

"குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, புதுசா வர்றவங்க இன்னும் சாமான் எறக்கல. அப்படித்தானே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கூடத்துல எங்க திரும்பினாலும் ஏதோ ஒண்ணு என்னையே பாக்குதுப்பா. ஒக்கார முடியல. இது இப்படியே இருந்தா நான் சென்னையில ஹாஸ்டல் பாத்துக்கறேன். கோவமெல்லாம் இல்ல."

கோபம் இல்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நடைமுறை. எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பான் பொறியாளர்கள் வந்து ஒரு முறையைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். முப்பது நாள் யாரும் தொடாத பொருள் எதுவானாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டையில் நான்கு கட்டங்கள்: பொருள், உரிமையாளர், வைத்திருக்கும் காரணம், முடிவு. காரணம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பொருள் வெளியே போகும். அதை வைத்து ஒரு ஷெட் முழுவதையும் காலி செய்து காட்டியவன் நான். ஒரு கூடம் எம்மாத்திரம்?

மறுநாளே கும்மிடிப்பூண்டி போய்ச் சிவப்பு அட்டை வாங்கி வந்து, அளவாக வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்தேன். கண்ணாடி ஷோகேஸில் இருந்த பொம்மைகளுக்கு ஒன்று. பிளாஸ்டிக் பூங்கொத்துக்கு ஒன்று. நாலு கடைகள் கொடுத்த நாலு காலண்டர்களுக்குத் தனித்தனியாக நாலு. ஓடாத தையல் மெஷினுக்கு ஒன்று. எனக்கு ஓய்வு பெறும்போது கொடுத்த கடிகாரத்துக்கும் ஒன்று கட்டினேன், பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக.

அடுப்படியிலிருந்து வந்த மனைவி நின்று பார்த்தாள். அவள் ஆரணிப் பக்கத்தில் நெல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். ஒரு சாக்கைக்கூடத் தூக்கி எறிந்து பழக்கமில்லை.

"இன்னாங்க இது, ஊடா, மார்ச்சுவரியா? எல்லாத்துக்கும் சீட்டு கட்டிக்கினு இருக்கீங்க?"

"தேவையில்லாதது வெளிய போகணும். காரணம் இருந்தா எழுது."

"தையல் மெஷின் எங்க அம்மா ஊட்டுது."

"அது உரிமையாளர் கட்டம். காரணம் அடுத்த கட்டம்."

அவள் என் கையிலிருந்து ஒரு அட்டையையும் பேனாவையும் பிடுங்கினாள். எழுதி முடித்து, நான் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியின் கையில் கட்டினாள். நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே. காரணம் என்ற கட்டத்தில், 'குந்திக்கினு அதிகாரம் பண்ண' என்று இருந்தது.

மேஜைக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய பேக்கிங் மரம் விற்கும் இடத்துக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து தொழிற்பேட்டைக்கு வரும் இயந்திரங்கள் பைன் மரக் கூண்டுகளில் வருகின்றன. இயந்திரம் உள்ளே போகும், கூண்டு இங்கே வரும். மகள் காட்டிய படத்தில் இருந்தது இதே வெளிறிய மரம்தான். எளாவூர் சோதனைச் சாவடியை நோக்கி ஹாரன் அடித்துக்கொண்டே போகும் லாரிகளுக்கு நடுவில், ஒவ்வொரு பலகையாகப் புரட்டி முத்திரை பார்த்தேன். ஏற்றுமதிக் கூண்டு மரத்தில் பூச்சி போவதற்காக அதைச் சூடேற்றியிருக்கிறார்களா, மருந்துப் புகை போட்டிருக்கிறார்களா என்று முத்திரையில் இருக்கும். புகை போட்டது வீட்டுக்கு ஆகாது. எந்த நாட்டு மரம் என்பதற்கும் அதில் இரண்டு எழுத்து உண்டு.

அங்கே இருந்த தச்சர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி ஒவ்வொண்ணா மொகத்தப் பாக்கற?"

"சுவீடன் பலகை மேலே. ஜப்பான் கட்டை காலுக்கு. உயரம் பதினாலு அங்குலம்."

"பதினாலா? மேஜையா, மணையா? கீழ குந்தினா அப்பறம் உங்கள யாரு சார் தூக்கி உடறது?"

"என் பொண்ணு கேக்கறா."

"அப்ப சரி." அவர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. "ஊட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி இருக்குதா?"

இருக்கிறது என்றேன். அது என் நினைவுக்கு வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. சுவரோரம் போட்டுக்கொள்ள, சரியான உயரத்தில் ஒரு பெஞ்சையும் அவரே சேர்த்துச் செய்தார். முத்திரைகளை இழைக்காமல் அடிப்பக்கம் விடச் சொன்னேன். அதையும் ஏன் என்று கேட்காமல் செய்தார்.

மேஜையும் பெஞ்சும் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் அறையை விட்டு வெளியே வந்தாள். மேஜையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கூடத்தைச் சுற்றி வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பொம்மைகளுக்கு மனைவி எழுதியிருந்த காரணம், 'அதுங்க எங்க போவும்.' மகள் சிரித்தாள். சாய்வு நாற்காலிக்கு வந்தபோது வாய்விட்டே சிரித்தாள். எட்டு மாதத்தில் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை. மனைவி கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

மகள் கடைசியாகப் பெட்ஷீட்டுக்கு முன்னால் வந்தாள்.

"இதுக்கு ஏன்பா அட்டை இல்ல?"

அவளைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றுதான் நான் அதை விட்டுவைத்தேன். அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி நடைமுறை பற்றியது, என் வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"அனுப்பறதுக்குக் காத்திருக்கற சரக்குக்கு அட்டை கட்டறதில்லம்மா. அது நம்ம இருப்புல சேராது."

"அனுப்பறதுக்கா?" அவள் குரல் மெதுவாக இருந்தது. "எங்கப்பா அனுப்பப் போறீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி தரையைப் பார்த்தாள். "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிக்கினு இருக்கேன்டி. நாளைக்கே ஒரு நல்லது நடந்தா, திரும்ப முதல்லேர்ந்து வாங்கிக்கினு இருக்க முடியுமா?"

"பெட்டிய மட்டுமா அனுப்பறதுக்கு வச்சிருக்கீங்க?" என்றாள் மகள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் அவளே வந்து சொன்னாள், சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு ஹாஸ்டல் பார்க்கப் போவதாக. இப்போதும் கோபம் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவியும் நானும் புது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பின்பக்க ஜன்னல் வழியாக நெல் வயல் தெரிந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, பாயும் ஒற்றைச் செடியும் வாங்கி வைத்தாயிற்று. படத்தில் இருந்த மாதிரியே அமைதியாகவும் இருந்தது.

"நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலயே," என்றாள் மனைவி. "அவ நல்லா இருக்கணும்னுதானே?"

"நானும்தான்."

"பின்ன ஏன் இப்படிப் பேஜாரா இருக்குது?"

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. சிவப்பு அட்டை முறையில் முதல் விதி, அட்டை கட்டுபவன் முடிவு எழுதக்கூடாது. உரிமையாளர்தான் எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இங்கே நான் அட்டையே கட்டாமல் முடிவை எழுதிவிட்டேன். பெட்டிகளுக்கு மட்டும்தான் எழுதினேன் என்று நினைத்தேன்.

அன்றே ஓர் அட்டையை எடுத்து, பொருள் என்ற கட்டத்தில் 'பாத்திரங்கள், பன்னிரண்டு பெட்டி' என்று மட்டும் எழுதினேன். மற்ற மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு, பேனாவோடு அந்தத் தாழ்ந்த மேஜைமேல் வைத்தேன். திங்கள் போயிற்று, வியாழன் போயிற்று. அவள் அதைக் கடந்து போனாள், வந்தாள். அட்டை அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை காலை அவள் வெளியே போகும் உடையில், கைப்பையோடு வந்தாள். கூடத்தில் பெட்ஷீட்டைக் காணோம். என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பெட்டியின் டேப்பைக் காய் நறுக்கும் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டுகளை எடுத்து முந்தானையால் துடைத்து, மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"ஹாஸ்டல்ல தட்டு குடுப்பானோ இன்னாவோ. ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளரு எடுத்துக்கினு போ. உன்னுதுதானே."

மகள் ஒரு தட்டை எடுத்தாள். விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள், புள்ளி புள்ளியாக. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது என்பதால் அதில் அவள் பெயருக்கு முன்னால் இருந்தது என் இனிஷியல். அடுத்த தட்டைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு குண்டானை எடுத்தாள்.

"எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கா?"

"பின்ன எவன் பேரு இருக்கும்?" என்றாள் மனைவி. "உங்கப்பா கடையில நின்னு வெட்ட வச்சாரு. கரண்டியக்கூட உடல. பேரு வெட்டறவன் உசிர எடுத்துட்டாரு. அந்த ஆளு கடைசியில, சார், நீங்களே வெட்டிக்கங்க சார்னு மெஷினக் கையில குடுத்துட்டான்."

அது உண்மை. ஒரு தேக்கரண்டியில் இனிஷியலுக்குப் பிறகு புள்ளி விட்டுப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்து வைக்கச் சொன்னேன்.

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே அந்த மேஜைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தட்டு விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அடுப்படிக்குப் போனாள்.

என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் நேர அட்டவணை சொல்வேன். "ட்ரெயினுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு," என்றேன்.

"அடுத்தது இல்லையா?"

"இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

மனைவி இட்லியைக் கொண்டுவந்து, அந்தத் தட்டிலேயே போட்டாள். மகள் கதவைச் சாத்தாமல், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கீழே உட்கார்ந்து அவளுக்குத் துணையிருந்தேன். தச்சர் கேட்டது சரியான கேள்விதான் என்பது எழும்போது தெரிந்தது. இருவருமாகச் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள்.

அடுத்த ட்ரெயினுக்கும் அவள் போகவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு பெட்டிகள் காலியாகிவிட்டன. அடுப்படி அலமாரியில் இப்போது மூன்று பேருக்கு நாற்பத்தெட்டுத் தட்டுகள் இருக்கின்றன. ஐம்பது பேருக்குப் பொங்கக்கூடிய ஓர் அண்டாவை வைக்க வேறு இடம் இல்லை. அது கூடத்திலேயே, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருக்கிறது. மகள் செடியைத் தூக்கி அதற்குள் வைத்துவிட்டாள். பொம்மைகளும் எங்கும் போகவில்லை.

விளக்கு போடும் நேரத்துக்கு மேஜைமேல் அட்டையைப் பார்த்தேன். உரிமையாளர் கட்டத்தில் அவள் பெயர், என் இனிஷியலோடு. முடிவு என்ற கட்டத்தில், 'இங்கேயே.' காரணம் என்ற கட்டத்தை அவள் நிரப்பவில்லை.

பணியில் இருந்த காலத்தில், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதில் கீழே கையெழுத்துப் போட்டேன்.