முப்பத்தேழாம் நம்பர் கால்

கடையில் நாம் நம் காலுக்கு ஷூ தேடுவோம். ஷூ கம்பெனியில் அது தலைகீழ். அங்கே ஷூவுக்குக் கால் தேடுவார்கள். புது மாடல் ஒன்றைச் செய்து பார்க்கும்போது எல்லா அளவிலும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பெண்கள் ஷூ என்றால் முப்பத்தேழாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடி. அந்த ஜோடிக்குள் கச்சிதமாகப் போகிற கால் எவளுக்கு இருக்கிறதோ அவளைக் கூப்பிட்டு நடக்கச் சொல்வார்கள். அவளுக்கு நடக்கத் தெரியுமா, ஆட்டோ இல்லாமல் தெருமுனைக்காவது போயிருக்கிறாளா என்றெல்லாம் ஒருத்தரும் கேட்பதில்லை. செண்பகத்தின் கால் முப்பத்தெட்டு. அவள் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தையல் மிஷின் ஓட்டுகிறாள். வயது நாற்பத்து மூன்று. முப்பத்து நாலு வயதில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னார். தினமும் நடம்மா என்றார். அவர் சொன்னது அரை மணி நேரம். இவள் நடந்துகொண்டே இருந்துவிட்டாள். முதலில் பாலாற்று மணல், அப்புறம் பக்கத்துக் குன்று, அப்புறம் வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற ஒரு நடைக்கும்பலோடு ஏலகிரி, ஜவ்வாது என்று காடு காடாகப் போனாள். கம்பெனியில் கழித்துக்கட்டின ரிஜெக்ட் ஷூ ஒரு ஜோடி, பையில் புளிச்சோறு, இரண்டு பாட்டில் தண்ணீர். இருபத்தைந்து வயதுப் பையன்கள் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது இவள் மேலே நின்று, "இன்னாப்பா, அதுக்குள்ளயா?" என்று சிரிப்பாள்.

"வூட்ல மாவு அரைக்க நேரமில்ல, மல அளக்கப் போறா" என்று புருஷன் சுப்பராயன் முணுமுணுப்பான். முணுமுணுத்துக்கொண்டே மாவும் அரைப்பான். நல்ல மனுஷன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வாழ்நாளில் ஒரு தரம் இமயமலையில் ஏறிப் பனியைக் காலால் மிதித்துவிட வேண்டும். சாப்பாட்டு வேளையில் போனில் பனிமலை வீடியோ போட்டுப் பார்ப்பாள். பக்கத்து மிஷின் பில்கிஸ் எட்டிப் பார்த்து, "அக்கா, ஐஸ்காரன் வண்டில கைய வுட்டா அதே குளுருதான்" என்பாள்.

போன வருஷம் ஆடி மாதம் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெண்களுக்கான மலை ஷூ கேட்டிருந்தது. சாம்பிள் செய்தாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி இரண்டு நாள் ஜவ்வாது மலையில் நடக்க வேண்டும். ஷூ தாங்கினால், அதே ஷூவோடு அவளை அந்த வெளிநாட்டுக்காரர்கள் இமயமலைக்கு எட்டு நாள் கூட்டிப் போவார்கள். செலவெல்லாம் அவர்களுடையது.

செண்பகத்துக்கு மிஷினில் ஊசி எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. இந்தக் கம்பெனியில் மலை ஏறுகிறவள் யார்? அவள் ஒருத்திதான். கேட்கவே வேண்டாம் என்று நினைத்தாள். பாவி, நாளைக்கே பெட்டி கட்டுகிற மாதிரி சுப்பராயனிடம் ஸ்வெட்டர் வேறு பார்த்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

சாம்பிள் ரூம் மாஸ்டர் நிசார் அஹமது ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அளவுப் பலகையில் நிற்கவைத்தார். செண்பகம் ஏறி நின்று கால் விரல் பத்தையும் உள்ளே மடக்கிக்கொண்டாள். நிசார் பாய் முப்பது வருஷமாகக் காலைப் பார்க்கிறவர். கையிலிருந்த பென்சிலால் விரல் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"விரல நீட்டும்மா. இது இன்னா ரேஷன் கடையா, அளவுல கம்மி பண்றதுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். விரல் நீண்டது. முப்பத்தெட்டு.

"பாய், ஒரு நம்பர்தான பாய் ஜாஸ்தி. நான் இறுக்கிப் போட்டுப்பேன்."

"நீ போட்டுப்ப. ரிப்போர்ட்ட யாரு எழுதறது? சைஸ்னா சைஸ்தாம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா.

முப்பத்தேழு கிடைத்தது யாருக்கு என்றால், சாம்பிள் ரூமில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற பிரிசில்லாவுக்கு. இருபத்து மூன்று வயது. இரண்டாம் மாடிக்கு லிஃப்டில் போகிறவள். அவள் கால் பலகையில் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. நிசார் பாய் "மாஷா அல்லா" என்றே சொல்லிவிட்டார். சின்னக் கால், வெளுத்த கால், விரலெல்லாம் வரிசையாக, நீளமாக வளர்த்த நகத்தில் ரோஸ் பாலிஷ். செண்பகம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அடுப்பு மாதிரி எரிந்தது.

"இன்னாக்கா, கண்ணாலயே அவ கால வெட்டிடுவ போலகீதே" என்றாள் பில்கிஸ்.

"போடி. எனக்கின்னா பொறாம?"

பொறாமைதான். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒன்பது வருஷம் மலை மலையாக ஏறினது இந்தக் கால். பனியை மிதிக்கப் போவது அந்தக் கால். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரட்டும் என்றுகூட நினைத்தாள். நினைத்துவிட்டு, அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மறுபடியும் நினைத்தாள்.

இதற்கு மேல் ஒரு அவமானமும் பாக்கி இருந்தது. பிரிசில்லாவைத் தனியாக மலைக்கு அனுப்ப முடியுமா? "உனக்குத்தான் வழி தெரியும், துணைக்குப் போய்ட்டு வாம்மா" என்றார் நிசார் பாய். மணப்பெண்ணாகப் போக வேண்டியவள் தோழிப்பெண்ணாகப் போன கதை என்று எங்கள் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. இருந்தால் இங்கே சொல்லலாம். செண்பகம் தன் பழைய ரிஜெக்ட் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆலங்காயம் தாண்டிக் கம்பெனி வண்டி இறக்கிவிட்டது. அனுமதிக் கடிதம் பார்த்த வனக்காவலர் ஒருவர் முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் பிரிசில்லா, கடைசியில் செண்பகம். முதல் மேட்டிலேயே அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். உட்காரவில்லை. மூச்சு வாங்கினாள், முகம் சிவந்தது, ஆனால் ஏறினாள். சர்ச் கொயரில் பாடுகிற பாட்டை முனகிக்கொண்டே ஏறினாள். அம்மா செய்து கொடுத்த பிளம் கேக்கில் பெரிய துண்டை இவளுக்குத்தான் கொடுத்தாள். "அக்கா, நீ மட்டும் இல்லன்னா நான் கீழயே நின்னுட்டிருப்பேங்க்கா" என்றாள். ஒருத்தி கெட்டவளாக இருந்தால் அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். பிரிசில்லா நல்லவளாக இருந்து தொலைத்தாள். செண்பகத்துக்கு அதுவும் எரிந்தது.

ராத்திரி மலைக்கிராமத்தில் தங்கல், சாமைச் சோறு. மறுநாள் பத்து மணிக்கு உச்சி. எதிரே அலையலையாக மலை, கீழே எங்கேயோ அமிர்திப் பக்கத்துக் காடு. அங்கிருந்து நாலு மணி நேரம் ஒரே இறக்கம்.

இறக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏறும்போது கால் பின்னால் தள்ளும். இறங்கும்போது முன்னால் சரியும். ஒவ்வொரு எட்டுக்கும் விரல் நுனி ஷூவின் மூக்கில் போய் இடிக்கும். அதனால் இறங்குமுன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் மடிகிற இடத்தில் லேஸுக்கு ஒரு முடிச்சு போட்டு இறுக்க வேண்டும். முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் லட்சம் ஷூ தைக்கிற ஊரில் இது ஒருத்தருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருத்தரும் மலையில் இறங்கியதில்லை. செண்பகத்துக்குத் தெரியும். ஐந்து வருஷம் முன்னால் ஏலகிரி இறக்கத்தில் இரண்டு கட்டை விரல் நகத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பிரிசில்லாவின் லேஸ் தளர்ந்து தொங்கியது. உள்ளே அந்த ரோஸ் நகம் வெட்டாமல் இருக்கிறது என்பதும் காலையில் சாக்ஸ் மாட்டும்போது இவள் பார்த்ததுதான்.

"எறங்கும்போது எதனா பாத்துக்கணுமாக்கா?" என்று அந்தப் பெண்ணே கேட்டாள். வாயைத் திறந்து கேட்டாள்.

செண்பகம் தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

"இன்னா இருக்கு? எறங்க வேண்டியதுதான்."

இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் பாட்டு நின்றது. இரண்டாவது மணியில் பிரிசில்லா பாதத்தைக் குறுக்கே வைத்து நண்டு மாதிரி இறங்க ஆரம்பித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். குனிந்து ஒரு முடிச்சு, ஒரு நிமிஷ வேலை. செண்பகம் அவளைத் தாண்டி முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

கீழே வண்டியோடு காத்திருந்த நிசார் பாய் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முனை சிவப்பாக ஊறியிருந்தது. இரண்டு கட்டை விரலும் கறுத்துப்போயிருந்தன. "யா அல்லா" என்றவர், அடுத்த நொடி ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினார். மூக்கை அழுத்தினார், தையலைப் பார்த்தார், மடித்துப் பார்த்தார். ஷூ செய்கிறவர்கள் ஷூவைத்தான் பார்ப்பார்கள். எப்படிக் கட்டியிருந்தாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. "முன்னாடி எடம் கம்மி" என்று ரிப்போர்ட் போயிற்று.

பிரிசில்லாவின் ஒரு நகத்தை டாக்டர் எடுத்துவிட்டார். இமயமலைக்கு இன்னும் நாலு வாரம்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது: முன்னால் இடம் விட்டு, ஒரு நம்பர் கூட்டி மறு சாம்பிள் செய்யுங்கள், அந்த அளவுக் காலுக்கு ஆள் பாருங்கள்.

நிசார் பாய் தையல் லைனுக்கே நடந்து வந்தார். "செண்பகம், உன்னுது முப்பத்தெட்டு தானே? துணி மூட்ட கட்டிக்கோ."

லைன் முழுக்கக் கை தட்டியது. பில்கிஸ் கட்டிப் பிடித்துக்கொண்டாள். செண்பகம் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தொண்டையில் முள் மாட்டினால் சோறு ருசிக்காமலா போகிறது? ருசிக்கும், இறங்காது.

புது ஷூ மாட்டிப் பார்க்கிற நாளில், சாம்பிள் ரூமில் ஃபாரத்தோடு காத்திருந்தவள் பிரிசில்லாதான். காலில் ரப்பர் செருப்பு, விரலில் கட்டு. நொண்டி நொண்டி வந்து தரையில் உட்கார்ந்து, செண்பகத்தின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா, நானே போட்டுக்கறேன்."

"சும்மா இருக்கா. உனக்கு ஒண்ணு காட்டணும்." ஷூவை மாட்டிக் குதிகாலைத் தரையில் தட்டினாள். "லீவுல படுத்துக்கினு நெட்டுல தேடினேங்க்கா. ஷூ மேல தப்பே இல்ல. எறங்கறதுக்கு முன்னாடி இப்பிடித் தட்டி, இந்தக் கணுக்காலு மடியற எடத்துல ஒரு முடிச்சுப் போடணும். நகம் வெட்டிக்கணும். இது தெரியாம செத்தேன். நீ அவ்ளோ பெரிய மலைக்குப் போற. உனக்கும் அப்பிடி ஆய்டக் கூடாது பாரு. முன்னாடியே யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"தெரியும்" என்றாள் செண்பகம்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

லேஸைப் பிடித்திருந்த கை நின்றது.

"எப்பலேர்ந்துக்கா?"

"அஞ்சு வருசமா."

பிரிசில்லா தலை நிமிரவில்லை. விட்ட இடத்திலிருந்து முடிச்சைப் போட்டாள். அடுத்த காலுக்கும் போட்டாள். கோபத்தில் இறுக்கவுமில்லை, ஏனோதானோ என்று விடவுமில்லை. எப்படிக் கட்ட வேண்டுமோ அப்படியே கட்டினாள். எழுந்து ஃபாரத்தை எடுத்தாள்.

"விரல் இடிக்குதா?"

"இல்ல."

இடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டாள்.

செண்பகம் போனாள். எட்டு நாள் நடந்தாள், கணுக்கால் அளவு பனியை மிதித்தாள், ஒரு நகத்துக்கும் சேதமில்லாமல் இறங்கி வந்தாள். வரும்போது சாம்பிள் ரூமுக்கென்று தனியாக ஒரு டப்பா ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வந்து வைத்தாள். பிரிசில்லா ஒன்று எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

அன்றிலிருந்து மேடம்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானம் அந்தப் பெண் ரிப்போர்ட்டோடு லைனுக்கு வருவாள். பக்கத்து மிஷினைப் பார்த்து, "பில்கிஸ்க்கா, சாப்ட்டியாக்கா?" என்பாள். இமயமலையைப் பார்த்துவிட்டு வந்த செண்பகத்துக்கு அப்போதெல்லாம் வயிறு எரிகிறது.